கணமும் பார்த்தாச்சு, டெஸ்ட்டும் எழுதியாச்சு... சண்டை மட்டும் ஏன் அப்படியே இருக்கு?

1917-ம் ஆண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் ஒரு வீடு. கல்லூரியில் படிக்கும் மகள், தான் கட்டிக்கொள்ளப்போகும் பையனைப் பெற்றோருக்கு அறிமுகம் செய்கிறாள். பையன்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்கானவன், எதையும் கணக்காகச் செய்கிறவன். ஆனால், அம்மாவுக்கு மண்டைக்குடைச்சல். கதையும் கற்பனையுமாக வாழும் நம் வீட்டுக்குள் இப்படி ஓர் ஆளா? இவன் என்ன மாதிரி மனுஷன்?

நம்மூர் அம்மாவாக இருந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போயிருப்பார். அந்த அம்மா புத்தகங்களிடம் போனார். வாழ்க்கை வரலாறுகளாகப் படித்துத் தள்ளி, மனிதர்களை வகைவகையாகப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் பெயர் கேதரின் குக் பிரிக்ஸ். மகள் இசபெல். மாப்பிள்ளை கிளாரன்ஸ் மயர்ஸ். இன்று ஆபீஸ் டிரெய்னிங்கில் ஆரம்பித்து இன்ஸ்டா பயோ வரை எல்லா இடத்திலும் பார்க்கிற 'எம்.பி.டி.ஐ' என்ற குண வகை டெஸ்ட்டின் தொடக்கம் இதுதான். மாப்பிள்ளையைப் புரிந்துகொள்ள முடியாத ஒரு மாமியாரின் ஆராய்ச்சி!

இந்தக் கதையை இந்த வாரம் எடுக்கக் காரணம், மாகறலில் இருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்.

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கிற ஊர் மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். மெசேஜ் அனுப்பிய அக்காவுக்கு 31 வயது. வீட்டில் பட்டுத்தறி. பெயர் வேண்டாம் என்றார். அடையாளம் தெரியாதிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கல்யாணமாகி எட்டு வருடம், ஒரு பையன். இரண்டு வருடமாகக் கணவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. சண்டை வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். நாள் கணக்கில் பேச்சு கிடையாது. கடைசியில், தங்கச்சி சொன்னாள் என்று இரண்டு பேரும் ஒரு கவுன்சலிங் மையத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே கேள்வித்தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள். கணவருக்கு 'ஐ.எஸ்.டி.ஜே' என்று வந்தது. இவருக்கு 'ஈ.என்.எஃப்.பி'. நான்கு எழுத்தும் எதிரும் புதிருமாக.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் சொன்னாராம், "இதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன். உனக்கு ராட்சச கணம், அவனுக்கு தேவ கணம். மத்த பொருத்தம் இருக்குன்னு நீங்கதான் விட்டுட்டீங்க."

அக்காவின் கேள்வி ஒரே வரி: "ஜாதகமும் சேரலை, டெஸ்ட்டும் சேரலைன்னா நாங்க பிரிஞ்சிடறதுதான் சரியா தம்பி?"

ராட்சச கணமும் நான்கு எழுத்தும்

குண வகை பார்த்துக் கல்யாணம் செய்வது நமக்குப் புதிதே இல்லை. பத்துப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் என்பது அதுதான். 27 நட்சத்திரங்களையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம் என்று மூன்று கட்டில் போட்டுவிடுவார்கள். அசுவினி, பூசம், அஸ்தம், ரேவதி எல்லாம் தேவ கணம்; சாதுவாம். பரணி, ரோகிணி, பூரம் போன்றவை மனுஷ கணம். நல்லதும் கெட்டதும் கலந்ததாம். கார்த்திகை, மகம், சித்திரை, அவிட்டம், சதயம்... ராட்சச கணம். பிடிவாதமாம், கோபமாம்.

'மாமனாருக்கு ஆகாது' என்று சொல்லப்படும் மூலம், 'மாமியாருக்கு ஆகாது' என்ற ஆயில்யம், 'மூத்த மச்சானுக்கு ஆகாது' என்ற கேட்டை, 'இளைய மச்சானுக்கு ஆகாது' என்ற விசாகம். இந்த நான்கு நட்சத்திரமும் அதே ராட்சச கணத்தில்தான் இருக்கின்றன. பெண்ணுக்கு இருந்தால்தான் இது பிரச்னை. பையனுக்கு இருந்தால் பெரும்பாலும் கேட்பாரில்லை. பிறந்த நேரத்தை வைத்து ஒரு பெண்ணின் குணத்தைத் தீர்மானித்து, அந்தத் தீர்ப்பால் எத்தனை வரன்கள் தட்டிப்போயிருக்கும் என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை.

எம்.பி.டி.ஐ அந்த அளவுக்கு மோசம் இல்லை. அது பிறந்த நேரத்தைக் கேட்பதில்லை, உங்களைத்தான் கேட்கிறது. நான்கு கேள்வி அதன் அடிப்படை. நாலு பேரோடு இருந்தால் தெம்பு வருமா, தனியாக இருந்தால் வருமா? கண்முன் இருக்கிற விவரத்தைப் பார்ப்பீர்களா, உள்ளுணர்வை நம்புவீர்களா? முடிவெடுக்கும்போது நியாயக் கணக்கா, மனசா? திட்டம் போட்டுச் செய்பவரா, போகிற போக்கில் பார்த்துக்கொள்பவரா? ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கூட்டினால் 16 வகை.

மாமியார் கேதரின் தன் வகைகளைச் சொந்தமாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் 'உளவியல் வகைகள்' பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். இரண்டு வருடத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வர, கேதரின் தன் வேலையை ஓரம்கட்டிவிட்டு யுங்கைப் பிடித்துக்கொண்டார். கேள்வித்தாளாக அதை மாற்றியது மகள் இசபெல், இரண்டாம் உலகப்போர் காலத்தில். முதல்முறையாக வேலைக்குப் போகும் பெண்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்க்கத்தான் அது. தாயும் மகளும் முறைப்படி உளவியல் படித்தவர்கள் இல்லை. இசபெல் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். படிக்காதவர்கள் செய்ததால் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால், கவுன்சலிங் அறையில் அந்தத் தாளை நீட்டும்போது 'ரத்தப் பரிசோதனை ரிசல்ட்' மாதிரி நீட்டுகிறார்களே, அது வேண்டாம் என்கிறேன்.

மாகறல் அக்காவிடம் நான் முதலில் சொன்ன தகவல் இது: இசபெல் தன்னை ஐ.என்.எஃப்.பி என்றும், கணவரை ஐ.எஸ்.டி.ஜே என்றும் வகைப்படுத்தியிருந்தார். நான்கில் மூன்று எழுத்து வேறு. டெஸ்ட்டைக் கண்டுபிடித்தவரே 'பொருத்தமில்லாத' ஆளைத்தான் 1918-ல் கட்டிக்கொண்டார். பிரிந்துவிடவில்லை.

போனில் அக்கா சிரித்தது கேட்டது.

எல்லோருக்கும் பொருந்தும் பலன்

"ஆனா தம்பி, அதுல எழுதியிருந்தது அப்படியே அவர்தான். அச்சு அசல்" என்றார் அக்கா.

இதைச் சொல்லாதவர்களே கிடையாது. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநல டெஸ்ட் வைத்தார். பிறகு ஆளுக்கொரு 'ரிசல்ட்' தாளைக் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! எல்லோரும் அசந்துபோனார்கள். அப்புறம்தான் தெரிந்தது, 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளை அவர் எடுத்தது, கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்தில் இருந்து.

'வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுபவர் நீங்கள்' என்றால் யார்தான் இல்லை என்பார்கள்?

இன்னொரு சிக்கல், இந்த எழுத்துகள் அப்படியொன்றும் நிலையானவை இல்லை. எம்.பி.டி.ஐ பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து டேவிட் பிட்டெங்கர் 1993-ல் எழுதிய கட்டுரையில், ஐந்தே வாரத்தில் மறுபடி எழுதியபோது பாதிப்பேர் வரை வேறு வகைக்கு மாறியதைக் குறிப்பிட்டிருக்கிறார். காரணம் எளிது. உயரத்தை அளந்து 'குட்டை, நெட்டை' என்று இரண்டே கட்டில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் நடுவில் இருக்கும் உயரம்தான். செருப்பு போட்டால் நெட்டை, கழற்றினால் குட்டை. கூச்ச சுபாவமும் அப்படித்தான். முதலாளி முன்னால் வாய் திறக்காத மனிதர், டீக்கடையில் அரசியல் பேசிக் கடையையே தூக்குவார். அவருக்கு எந்த எழுத்தைக் கொடுப்பது?

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற டெஸ்ட்கள் பெரும்பாலும் அசல் எம்.பி.டி.ஐ கூட இல்லை, அதன் சாயலில் செய்தவை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். தென்கொரியாவில் இந்த எழுத்துகளைக் கேட்டுவிட்டுத்தான் பல இளைஞர்கள் டேட்டிங்கே போகிறார்கள். கே-டிராமா பார்க்கும் தங்கச்சிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

300 ஜோடிகள், 50 வருடம்

சரி, குணத்துக்கும் கல்யாண வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால், நாம் நினைக்கிற மாதிரி இல்லை.

அமெரிக்காவில் 1930-களில் கல்யாணம் நிச்சயமான 300 ஜோடிகளை லோவெல் கெல்லி என்ற உளவியலாளர் ஆய்வில் சேர்த்தார். 1980 வரை அவர்களைப் பின்தொடர்ந்த முடிவுகளை, ஜேம்ஸ் கான்லியோடு சேர்ந்து 1987-ல் வெளியிட்டார். 22 ஜோடிகள் கல்யாணத்துக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். கல்யாணம் செய்துகொண்ட 278 ஜோடிகளில் 50 விவாகரத்து. யார் கல்யாணம் ஆட்டம் கண்டது என்று பார்த்தால், சின்ன விஷயத்துக்கும் கலங்கிப்போகும், கவலையிலும் கோபத்திலும் சீக்கிரம் விழும் சுபாவம் கணவனிடமோ மனைவியிடமோ அதிகம் இருந்த வீடுகள். அதோடு கணவனுக்குத் தன் ஆசைகளையும் ஆத்திரத்தையும் அடக்கும் பழக்கம் குறைவாக இருந்த வீடுகள்.

கவனியுங்கள். எம்.பி.டி.ஐ-யின் நான்கு எழுத்திலும் இந்தக் 'கலங்கும் சுபாவம்' கிடையவே கிடையாது! கல்யாணத்துக்கு அதிகம் தேவைப்படுகிற கேள்வியை அந்தத் தாள் கேட்பதே இல்லை.

குணம் ஒத்துப்போக வேண்டும் என்பதாவது உண்மையா? ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான தம்பதிகளின் தகவல்களை வைத்து 2010-ல் வந்த ஓர் ஆய்வு, இருவரின் குணமும் ஒரே மாதிரி இருப்பதால் கிடைக்கிற சந்தோஷம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றது. 2020-ல் சமந்தா ஜோயல் குழுவினர் 43 ஆய்வுகளில் இருந்து 11,196 ஜோடிகளின் தகவல்களைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசினார்கள். ஆளின் குணத்தைவிட அதிகம் சொன்னவை உறவுக்குள் நடக்கிற விஷயங்கள்: இவர் நம்மை விட்டுப் போகமாட்டார் என்ற நம்பிக்கை இருக்கிறதா, செய்ததற்கு ஒரு நன்றி கிடைக்கிறதா, தாம்பத்யத்தில் திருப்தி உண்டா, எவ்வளவு சண்டை. துணையின் குணம் என்ன என்பது அதற்கு மேல் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை.

இதில் எனக்கு ஆச்சர்யமாக இருந்தது, நம்மிடமே இதற்கு ஒரு பழைய பட்டியல் இருப்பது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டிய பத்து விஷயங்கள் வருகின்றன. பிறப்பு, குடிமை, வயது, உருவம், செல்வம் எல்லாம் உண்டு. கூடவே அருளும் உணர்வும் உண்டு. நட்சத்திரம் இல்லை. அதற்கு அடுத்தே இன்னொரு பட்டியல், இருவரிடமும் இருக்கக்கூடாதவை: கொடுமை, தன்னைத் தானே மெச்சிக்கொள்வது, புறம் பேசுவது, வன்சொல், சோம்பல், மறதி, துணையை வேறு ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது... இவை வகைகள் இல்லை. செய்கிற காரியங்கள். அமெரிக்காவின் ஜான் காட்மன் தம்பதிகளைப் பேசவைத்து, வீடியோ எடுத்து ஆராய்ந்து சொன்ன நான்கு ஆபத்துகளும் இதே ரகம்தான். ஆளையே குறை சொல்வது, ஏளனம், 'நான் என்ன பண்ணேன்' என்ற தற்காப்பு, சுவர் மாதிரி மௌனம். பிறந்த குணத்தை மாற்றுவது கஷ்டம். 'பக்கத்து வீட்டுக்காரரைப் பார்' என்று சொல்லாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. (என் அம்மா இதைப் படித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்.)

எழுந்து போகிறவர் எதில் இருந்து போகிறார்?

சுவர் மாதிரி மௌனம் என்றதும் அக்கா, "அதான் அவர்" என்றார். "கவுன்சலரும் அதைத்தான் சொன்னாங்க. அவர் இன்ட்ரோவர்ட், அவருக்குத் தனியா இருக்க டைம் கொடுங்கன்னு. மூணு மாசமா கொடுத்துட்டுதான் இருக்கேன்."

சண்டை எதைப் பற்றி என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்றார். கடைசியாக நடந்த சண்டை எதைப் பற்றி என்று கேட்டேன். சுற்றி வளைத்து அந்த விஷயத்துக்கு வர அரைமணி நேரம் ஆனது.

கணவர் முதலாளியிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். தன் தங்கை வளைகாப்புக்கு. மனைவியிடம் சொல்லவில்லை. ஒரு சேலை முடித்துக் கூலி வாங்கும்போது பிடித்தம் போகவே விஷயம் வெளியே வந்தது. தறி முதலாளிகளிடம் முன்பணம் வாங்குவது என்றால் என்ன என்று நெசவுக் குடும்பங்களுக்குத் தெரியும். அது கழியும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது, கூலியை உயர்த்திக் கேட்கவும் வாய் வராது. பையனை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க அக்கா சேர்த்து வைத்த கணக்கெல்லாம் அந்த ஒரு பிடித்தத்தில் போயிற்று.

அவர் கேட்டார். கணவர் எழுந்து போனார்.

இதில் இன்னொரு சங்கடம், அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று தனித்தனி ஊடையைக் கோர்த்து நெய்கிற காஞ்சிபுரம் வேலை அது. மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே எல்லாவற்றையும் ஓட்ட முடியாது, ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆள் அக்காதான். அதனால் பேச்சு நின்றால் தறியும் நிற்கும். தறி நின்றால் கடன் நிற்கும், வட்டி நிற்காது. சில நாள் பேசாமலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து நெய்துவிட்டு எழுந்து போவார்களாம்.

'ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார், மற்றவர் நழுவிக்கொண்டே இருப்பார்' என்ற இந்தச் சண்டை வடிவத்தை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். அவரும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். தம்பதிகளை இரண்டு விஷயம் பேசவைத்தார்கள். ஒன்று, மனைவி மாற்றம் கேட்கும் விஷயம். இன்னொன்று, கணவன் மாற்றம் கேட்கும் விஷயம். மனைவி கேட்ட விஷயத்தில், மனைவி துரத்த கணவன் நழுவுவது தெளிவாக அதிகம் இருந்தது. கணவன் கேட்ட விஷயத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. நழுவுகிறவர்கள் எல்லாம் நழுவும் வகையில் பிறந்தவர்கள் என்றால் இரண்டு பேச்சிலும் ஒரே மாதிரி நழுவியிருக்க வேண்டுமே? யாருக்கு மாற்றம் தேவையோ அவர் பேசுகிறார். இப்போது இருப்பதே யாருக்கு வசதியோ, அல்லது பதில் சொல்ல யாருக்குச் சங்கடமோ, அவர் எழுந்து போகிறார்.

மாகறல் வீட்டில் இதை வைத்துப் பார்த்தேன். உங்கள் கணவர் வேறு விஷயங்களில் பேசுவாரா என்று கேட்டேன். "பாவு சரியில்லைன்னா, ஜரிகை சரியில்லைன்னா விடிய விடியப் பேசுவாரு தம்பி" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை. அப்புறம் அவரே சொன்னார், "பணத்தைப் பத்தின்னாதான் எழுந்து போறாரு, இல்ல?"

குண வகைகள்மீது எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான். டெஸ்ட் தப்பாகச் சொல்வதுகூட இல்லை. நாற்பதாயிரம் ரூபாயைப் பற்றிய சண்டையை, 'நீ ஈ, அவர் ஐ' என்ற சண்டையாக மாற்றிவிட்டது. மூன்று மாதமாக அந்த அக்கா கணவருக்குத் 'தனிமை' கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தனிமையில் முன்பணக் கணக்கு பத்திரமாக இருந்தது. ராட்சச கணம் என்ற பேச்சும் இதே வேலையைத்தான் செய்தது. கேட்டவள் பிடிவாதக்காரி ஆனாள், கேட்ட கேள்வி மறைந்துபோனது.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டியதில்லை. நல்ல கவுன்சலர் கையில் இது உபயோகப்படும். நம் வீடுகளில் கணவனும் மனைவியும் தங்கள் சுபாவத்தைப் பற்றி உட்கார்ந்து பேசிய பழக்கமே கிடையாது. 'உன்கிட்ட எனக்கு இது பிடிக்கலை' என்று நேராகச் சொன்னால் அடிதடி. ஒரு தாள் நடுவில் இருந்தால், 'இதில் பாருங்க, உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிட்டு விருந்தாளி வந்தா பிடிக்கும்னு போட்டிருக்கு' என்று கொஞ்சம் சிரிப்போடு ஆரம்பிக்கலாம். கணவர் பேசாததை 'என்னை மதிக்கவில்லை' என்றே எடுத்துக்கொண்டிருந்த மனைவிக்கு, வேறு காரணமும் இருக்கலாம் என்று தோன்றுவதே பெரிய நிம்மதி.

அந்த அளவில் நிறுத்த வேண்டும். தனிமை வேண்டுமா, எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் எப்போது திரும்பி வந்து பேசுவார் என்று நேரம் சொல்லிவிட்டுப் போகட்டும். 'சாயந்தரம் விளக்கு வெச்சதும் பேசலாம்' என்பது தனிமை. சொல்லாமல் மூன்று நாள் போவது வேறு. இந்த வித்தியாசத்தை அந்த நான்கு எழுத்து சொல்லாது, கவுன்சலர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் கவுன்சலிங் போகிறவர்கள், தாளைப் பார்த்து மலைத்துவிடாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த டெஸ்ட்டை வைத்து எங்கள் கல்யாணத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லப்போகிறீர்களா, இல்லை பேச்சை ஆரம்பிக்க மட்டுமா? எங்கள் சண்டை எதைப் பற்றி என்று எப்போது பேசுவோம்? மருத்துவ உளவியலாளர் என்று சொல்கிறவர் என்றால், ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கொடுக்கத் தயங்கினால் யோசியுங்கள்.

இங்கே டெஸ்ட் வேண்டாம்

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பத்திக்கு வரும் மெசேஜ்களில் 'அவருக்குக் கோப சுபாவம்' என்று ஆரம்பித்து, நாலாவது வரியில் 'கை நீட்டுவார்' என்று வருபவை உண்டு. அடிப்பது எந்த எழுத்திலும் வராது, எந்தக் கணத்திலும் வராது. முதலாளியிடம் கோபத்தை அடக்கத் தெரிந்தவருக்கு வீட்டில் மட்டும் அடக்கத் தெரியாது என்றால் அது சுபாவம் இல்லை.

அடி, மிரட்டல், பூட்டிவைப்பது, செலவுக்குக் காசு தராமல் வதைப்பது இருக்கிற வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து 'நீங்க அவரைப் புரிஞ்சுக்கணும்' என்று கவுன்சலிங் கொடுப்பது ஆபத்து. உள்ளே அவள் சொன்னதற்கு வெளியே அவள்தான் பட வேண்டும். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உடல் வதை மட்டுமல்ல, வார்த்தையால், மனதால், பணத்தால் வதைப்பதும் வன்முறைதான். 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஆரம்பித்து இன்று தமிழகம் முழுக்க இருக்கிற அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்குப் போகலாம். அங்கே 'சமாதானமா போங்கம்மா' என்று மட்டும் சொன்னால், புகாருக்கு ரசீது கேளுங்கள்.

வன்முறை இல்லை, ஆனால் சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்று தெரியவில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்ட, தாலுகா நீதிமன்ற வளாகங்களில் செயல்படும் சட்டப் பணிகள் குழுக்களை அணுகலாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மத்தியஸ்தர் வைத்துப் பேசவும் ஏற்பாடு உண்டு. இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மத்தியஸ்த மையம் 2005-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. விவாகரத்து வழக்கே போட்டுவிட்டாலும், 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி நீதிபதி முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்துதான் ஆக வேண்டும். கோர்ட் வாசலை மிதித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பயப்பட வேண்டாம்.

மாகறல் அக்காவுக்கு நான் பதில் சொல்லவில்லை. பிரியலாமா கூடாதா என்று போனில் சொல்ல நான் யார்? அவர்களுக்கு அடுத்த கவுன்சலிங் இந்த மாதக் கடைசியில். அதற்கு முன்னால் அவரிடம் ஒரு வேலை மட்டும் சொன்னேன்: ரிசல்ட் தாளை வீட்டில் வைத்துவிட்டு, கூலி எழுதுகிற நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா. முன்பணம் எவ்வளவு, எவ்வளவு கழிந்திருக்கிறது, இனி கடன் வாங்கினால் யாரிடம் கேட்டு வாங்குவது. கவுன்சலர் முன்னால் அதைப் பிரித்து வைத்தபிறகும் அவர் எழுந்து போகிறாரா என்று பாருங்கள்.

"நோட்டு அவர்கிட்ட இருக்கு தம்பி" என்றார் அக்கா. "கேட்டுப் பார்க்கறேன்."